நிம்ஃப் உடம்பில் ஜரிகை நூல் உரிந்து போகிறது

கேள்வி: 14ஆம் எண் தூண்டில் கொக்கியில் ஹேர்ஸ் இயர் நிம்ஃப் (முயல் ரோமத்தால் கட்டும், நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போன்ற போலி இரை) கட்டுகிறேன். டப்பிங் (நூலில் முறுக்கி உடம்பாகச் சுற்றும் ரோமம்) மேல் எம்பிராய்டரி ஜரிகை நூலைச் சுற்றினால், ஒரு மீன் கடித்ததுமே மினுக்கு உரிந்து உள்நூல் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: அந்த நூலின் நடுவில் சாதா இழைதான், அதன் மேல் உலோகப் பூச்சுள்ள மெல்லிய பட்டை சுற்றியிருக்கும், வெட்டிய நுனியில்தான் பிரிய ஆரம்பிக்கும், அதனால் வெட்டும் இடத்தில் முதலிலேயே ஒரு துளி வார்னிஷ் வைத்துக் காயவிடுங்கள். அப்புறம், டப்பிங்கைச் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் ஜரிகையைச் சுற்றுங்கள். ரோமத்துக்குள் புதையாமல் மேலே நின்று டப்பிங்கையும் பிடித்துக்கொள்ளும்.

பதில் 2: நிம்ஃபுக்கு ஜரிகையே வேண்டாம் என்பேன். மெல்லிய செம்புக் கம்பி போடுங்கள், மீனின் பல்லுக்குத் தாங்கும், கொஞ்சம் எடையும் சேரும்.

பதில் 3: டப்பிங்கையும் கவனியுங்கள், முக்கால்வாசிப் பேர் அள்ளி வைத்துவிடுகிறார்கள். கட்டும் நூலில் மெழுகு தடவி, ரோமத்தைச் சிட்டிகையிலும் குறைவாக எடுத்து ஒரே திசையில் முறுக்குங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் பிரிந்துவிடும். கட்டி முடித்ததும் மார்புப் பகுதியில் ஊசியால் நாலு முடியை வெளியே இழுத்துவிடுங்கள், தண்ணீரில் அதுதான் கால் மாதிரி அசையும்.

கேள்வி கேட்டவர்: சரி, கம்பியை முயற்சி செய்கிறேன். நீர்மேல் மிதக்கும் ஃப்ளைக்கும் (பூச்சி போன்ற போலி இரை) இதே ரோமம் போதுமா?

பதில் 3: வேண்டாம், தண்ணீர் குடிக்காத மெல்லிய செயற்கை இழை எடுங்கள்.