ரூட் பண்ணின பிறகு வைஃபையும் இல்ல, சத்தமும் இல்ல

களுவாஞ்சிகுடி பொடியன்:
மட்டக்களப்பு டவுன்ல செகண்ட் ஹேண்டா எடுத்த போன். ஆண்ட்ராய்ட் 12ஓட வந்தது, இப்ப 13. கூடவே வந்த தேவையில்லாத ஆப்களக் கழட்டத்தான் ரூட் பண்ண (போன்ட முழு அதிகாரத்தையும் எடுக்க) வெளிக்கிட்டன். பூட்லோடர் (போன் ஓன் ஆகேக்க முதல்ல ஓடுற, பூட்டுப் போட்ட புரோகிராம்) திறந்தாச்சு. மேஜிஸ்க் எண்ட ரூட் ஆப்ல பேட்ச் பண்ணின (மாத்தின) பூட் இமேஜ், அதாவது போன எழுப்புற ஃபைல், ஒண்டு இந்த மாடலுக்கெண்டு டெலிகிராம்ல கிடந்தது, அத கொம்பியூட்டரிலரிந்து ஃபாஸ்ட்பூட்ல ஏத்தினன். போன் ஓன் ஆகுது, ரூட்டும் கிடைச்சிட்டு. ஆனா வைஃபை போட்டா உடனே ஓஃப் ஆகுது, ஸ்பீக்கர்ல சத்தமே இல்ல. ரீசெட் பண்ணியும் அப்படியேதான். யூடியூப்ல ஒருத்தர் 13 எண்டா பூட் இமேஜ விட்டுட்டு இனிட்_பூட் எண்ட வேற இமேஜத்தான் பேட்ச் பண்ணோணும் எண்டுறார். ஏத்திப் பார்க்கட்டா?

கல்முனை ரிப்பேர் காக்கா:
வேணாம் தம்பி. இனிட்_பூட் இரிக்கிறது பெட்டியிலேயே 13ஓட வந்த போன்கள்ள. 12ஓட வந்து பிறகு 13க்கு ஏறினதுக்கு பூட் இமேஜ்தான்.

இது வேற வருத்தம். பூட் இமேஜுக்குள்ள கேர்னல், அதாவது சிஸ்டத்திட நடு மூளை, இரிக்கி. வைஃபை, சவுண்ட் டிரைவரெல்லாம் வெண்டர் (போன் கம்பனிட) பக்கத்தில தனித்தனித் துண்டா, மொடியூலாக் கிடக்கு. ரெண்டும் ஒரே பில்டா (ஒரே சிஸ்டம் பதிப்பா) இல்லாட்டி கேர்னல் அந்த மொடியூல எடுக்காமப் போகலாம். மாடல் ஒண்டா இரிந்தாக் காணாது. ரீசெட்ல அழியிறது உங்கட டேட்டா மட்டும்தான், பூட் தொடுபடாது.

செட்டிங்ஸ்ல பில்ட் நம்பரப் பாருங்க. கடைசி எழுத்து வரைக்கும் அதே ஃபேர்ம்வெயார (போன்ட முழு சிஸ்டம் ஃபைல) கொம்பியூட்டர்ல இறக்கி, அதிலரிந்து பூட் இமேஜ எடுத்து கேபிளால போனுக்குப் போட்டு, மேஜிஸ்க்ல நீங்களே பேட்ச் பண்ணி ஏத்துங்க. ஒரிஜினல் கொப்பியயும் வைங்க. ஆரோ பேட்ச் பண்ணினத ஏத்துறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, உள்ளுக்கு என்ன கலந்திரிக்கெண்டு ஆருக்குத் தெரியும்? பழைய ஃபேர்ம்வெயாருக்கு இறக்கவும் போகாதீங்க. சில போன்ல பழசுக்கு இறங்க விடாத அன்ட்டி-ரோல்பேக் இரிக்கி, செத்தா எழும்பாது.

ஆரையம்பதி அக்கா:
ரூட் பண்ணினதால பேங்க் ஆப் திறக்காட்டி மேஜிஸ்க்ட டினைலிஸ்ட்ல (ரூட்ட மறைக்கிற ஆப் பட்டியல்ல) போட்டுப் பாருங்க தம்பி. ஆனா நம்பி இரிக்க ஏலாது. பூட்லோடர் திறந்து கிடக்கெண்டு கூகுள்ட பிளே இன்டெக்ரிட்டி சோதனை போன்ட வன்பொருளிட்டயே கேட்டுப் பிடிச்சிடும். நான் பேங்க் ஆப்ப அம்மாட போனுக்கு மாத்திட்டன்.

களுவாஞ்சிகுடி பொடியன்:
வைஃபை, சத்தம் ரெண்டும் வந்திட்டு காக்கா! இப்ப அப்டேட் ஒண்டு காட்டுது. குடுக்கட்டா?

கல்முனை ரிப்பேர் காக்கா:
பொறுங்க. ஏ/பி ஸ்லொட் போன் (சிஸ்டத்துக்கு ரெண்டு இடம் வச்சிரிக்கிற போன்) எண்டா முதல்ல மேஜிஸ்க்ல 'ரிஸ்டோர் இமேஜஸ்' குடுங்க, ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. அப்டேட் ஏறி முடிஞ்சு ரீஸ்டார்ட் கேக்கும், அதயும் அமத்தாதீங்க. மேஜிஸ்குக்குத் திரும்பிப் போய் 'இன்ஸ்டோல் டு இனக்டிவ் ஸ்லொட்' குடுத்திட்டு, பிறகு ரீஸ்டார்ட். ஒரு ஸ்லொட் போன் எண்டா புது ஃபேர்ம்வெயார்ட பூட் இமேஜோட திரும்ப முதல்லரிந்துதான்.