தம்பியின் லீவு நின்றுவிட்டது: தலைவர்கள் ராணுவ முகாமுக்கு வந்தால் உள்ளே என்னதான் நடக்கும்?

கண்ணமங்கலம் அக்கா கேட்டது:

என் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கே, குளிர்ப் பகுதி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், எனக்கு இருப்பதோ இவன் ஒருத்தன். லீவு எழுதிக் கொடுத்து ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டான். நேற்று போன் செய்து, "பெரிய விசிட் வருதுக்கா, லீவு எல்லாம் நிறுத்திட்டாங்க" என்கிறான். யார் வருகிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

ஒருத்தர் வந்து அரை மணி நேரம் கைகுலுக்கிவிட்டுப் போவதற்கு என் தம்பி எதற்கு? டிவியில் பார்த்தால் இனிப்பு ஊட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். இதனால் அங்கே நிற்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா? பட்டாளத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஹவில்தார்:

தங்கச்சி, தம்பி பேச்சை மாற்றுவது சரி. யார், எப்போது என்று இனி அவனிடம் கேட்காதீர்கள். நீங்களாக ஊகித்து இங்கேயும் எழுத வேண்டாம்.

நான் 22 வருடம் சர்வீஸ். பெரிய விசிட் ஐந்தாறு பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன், இடமும் பெயரும் வேண்டாம்.

உயரமான இடம், நவம்பர் மாதம். விசிட் என்று காதில் விழுந்த மறுநாளே சூனாவும் கேருவும் லாரியில் வந்து இறங்கிவிட்டன. சூனா என்றால் சுண்ணாம்பு, கேரு என்றால் காவி. பட்டாளத்தில் அசையாமல் கிடக்கிற எதுவும் இந்த இரண்டில் ஒன்றைப் பூசிக்கொள்ளாமல் தப்பாது. பாதையோரக் கல், மரத்தின் அடி, தீயணைக்கும் மணல் வாளி நிற்கிற மேடை, எல்லாவற்றுக்கும் பூச்சுதான்.

ஹெலிபேட் வேலை என் செக்‌ஷனுக்கு. ஹெலிகாப்டர் இறங்கும்போது தூசி கிளம்பக் கூடாது, தண்ணீர் தெளி என்று உத்தரவு. சாயங்காலம் தெளித்தோம். காலையில் போய்ப் பார்த்தால் தரை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். கேந்தி, பெல்ச்சா, அதாவது கொத்துக் கோடரியும் மண்வாரியும் எடுத்துக் கொத்தினோம். கொத்தியதில் நடுவில் எழுதியிருந்த ‘எச்’ எழுத்தும் சேர்ந்து பெயர்ந்துவிட்டது. மறுபடி சூனா. இரவு பனி, காலையில் கேந்தி, மறுபடி சூனா, இப்படி நாலு நாள். கடைசியில் மத்தியானம் வெயில் இருக்கும்போது மட்டும் தெளிக்கலாம் என்று ஒரு கார்வாலி நாயக் சொன்னான். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் பாவி.

அப்புறம் பேச்சுக்கு ரிஹர்சல். தலைவர் பேசுவதற்கென்று எட்டுப் பேரைப் பொறுக்கி முன்வரிசையில் நிறுத்தினார்கள். "கோயி தக்லீஃப்?" என்று கேட்டால் "நஹீ சாப்". கஷ்டம் ஏதும் இல்லை என்று சொல்ல ஒரு வாரம் பயிற்சி! அந்த எட்டில் நானும் ஒருவன். எனக்கு இருந்த தக்லீஃப் என்ன தெரியுமா? கக்கூஸ். ஒன்றரை வருடமாகச் சுவர் மட்டும் எழுப்பி, கூரை இல்லாமல் நின்றது. அந்தக் குளிரில் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு பாறை தேடிப் போனவனுக்குத்தான் அது புரியும். தலைவர் நடக்கிற வழி அந்தப் பக்கமாகப் போகிறது என்று தெரிந்ததும் 11 நாளில் கூரை, கதவு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் முடிந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

அவர் வந்தார். என் கையைப் பிடித்து எந்த ஊர் என்றார். வேலூர் என்றேன். வீட்டில் யார் யார் என்றார். அவ்வளவுதான், அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் சோபா, கம்பளம், பூந்தொட்டி எல்லாம் லாரி ஏறித் திரும்பிப் போய்விட்டன. எல்லாம் இரவல். கக்கூஸை லாரியில் ஏற்ற முடியாதே, அது எங்களுக்கு நின்றது.

லீவு நிற்பது காவலுக்கு இரட்டிப்பு ஆள் வேண்டும் என்பதால்தான். விசிட் முடிந்த கையோடு நின்றுபோனவர்களைத்தான் முதலில் விடுவார்கள். காதுகுத்துப் பத்திரிகையை அவனுடைய சுபேதார் சாபிடம் காட்டச் சொல்லுங்கள். வடக்கத்தி சாப் என்றாலும் மாமன் இல்லாமல் விசேஷம் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

சும்மா ஒரு வாசகன்:

அண்ணன் கதை அருமை. ஆனாலும் முக்கால்வாசி போட்டோவுக்குத்தான். 2014 தீபாவளிக்கு சியாச்சின் பனிமலை, 2020இல் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலா, 2022இல் கார்கில், 2025இல் விக்ராந்த் போர்க்கப்பல் என்று பிரதமர் மோடி தீபாவளிக்கு வருடம் தவறாமல் போகிறார். 2020 ஜூலை 3 அன்று லடாக்கில் லே ராணுவ ஆஸ்பத்திரியில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்தாரே, அந்தப் போட்டோவைப் பார்த்து ஆஸ்பத்திரியே செட்டிங் என்று பாதி நாடு பேசியது.

தாம்பரம் சார்ஜென்ட் (விமானப்படை, ஓய்வு):

செட்டிங் என்பது தவறு. அது பயிற்சிக்கான ஹால். கோவிட் நேரத்தில் வழக்கமான வார்டுகள் சிலவற்றைத் தனிமைப்படுத்த ஒதுக்கியதால் ஹாலை வார்டாக்கினார்கள். ராணுவமே மறுநாள் விளக்கம் கொடுத்தது. ஆனால் இப்படிச் சந்தேகம் வருவதற்கு எங்கள் சூனா பழக்கமும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன்.

அப்துல் கலாம் 2004 ஏப்ரலில் சியாச்சின் பேஸ் கேம்ப் போனபோது வயது 72. அதுவரை எந்த ஜனாதிபதியும் அங்கே போனதில்லை. பிரதமர்களில் முதலில் போனவர் மன்மோகன் சிங், 2005 ஜூனில். அங்கே நம் ஆட்கள் ஏறியது 1984 ஏப்ரலில். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், முதல் ஜனாதிபதி அங்கே போக இருபது வருடம்.

பழைய ஹவில்தார்:

சார்ஜென்ட் சாப், ஜார்ஜ் பெர்னாண்டஸை விட்டுவிட்டீர்களே. பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது சியாச்சினுக்குத் திரும்பத் திரும்பப் போனவர் அவர். பனியில் ஓடும் ஸ்கூட்டர் வாங்குகிற கோப்பை டெல்லியில் கிடப்பில் போட்டிருந்த அதிகாரிகளை, நீங்களே போய் அங்கே இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். கோப்பு நகர்ந்தது. எங்கள் லங்கரில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அமைச்சர் வருவதைவிடக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவன் வந்து நாலு ராத்திரி தங்கட்டும், சூனாவே வேண்டாம்.

கண்ணமங்கலம் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு லீவு கிடைத்துவிட்டது, ஆனால் குறித்த தேதிக்கு ஐந்து நாள் கழித்துத்தான். ஐயரைப் பார்த்துக் காதுகுத்தைத் தள்ளி வைத்துவிட்டோம். பந்தல்காரர்தான் முணுமுணுத்தார்.

நேற்று போனில், "உங்க யூனிட்டுக்கும் பூந்தொட்டி வந்துச்சாடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அக்கா, உனக்கு யாரு சொன்னா?" என்றான்.