சின்ன பிலிம் லேபுக்கு எந்த டெவலப்பர்?

கோவை_நெகட்டிவ்: நண்பரோடு சேர்ந்து கோவையில் கருப்பு-வெள்ளை பிலிம் கழுவிக் கொடுக்கத் தொடங்குகிறோம். வாரத்துக்கு எட்டுப் பத்து ரோல், பெரும்பாலும் எச்பி5 (இல்ஃபோர்டின் 400 வேக பிலிம்). எக்ஸ்டால் டெவலப்பரை (பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசல்) டேங்கில் வைத்து, ரோலுக்கு ரோல் கொஞ்சம் புதுக் கரைசல் சேர்த்து ரீப்ளெனிஷ் செய்யலாம் என்கிறார் நண்பர். எனக்கோ டி-76 டெவலப்பரை 1+1 (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்) கலந்து, ஒருமுறை கழுவிக் கொட்டிவிடுவதே மேல் என்று படுகிறது.

வெள்ளி_உப்பு: நண்பர் சொல்வதே சரி. 36 படச் சுருளுக்கு 70 மில்லி புது எக்ஸ்டால் சேர்த்தால் போதும். டி-76 1+1 என்றால் சின்ன டேங்கிலேயே 150 மில்லி ஸ்டாக் (நீர்க்காத மூலக் கரைசல்) போய்விடும். எக்ஸ்டாலில் கிரெயின் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) மென்மை, நிழல் பகுதியில் விவரமும் நன்றாக நிற்கும்.

பழைய_இருட்டறை: தினமும் ரோல் ஓடும் லேபுக்கு அந்தக் கணக்கு பொருந்தும் தம்பி. இங்கே டேங்க் பாதி நாள் சும்மா கிடக்கும். டி-76 கெட்டால் பழுப்பேறிக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்டால் அஸ்கார்பேட் (வைட்டமின் சி சார்ந்த) வகை, செத்தாலும் தண்ணீர் மாதிரித் தெளிவாகவே இருக்கும். கல்யாண ரோலைக் கொடுத்தவரிடம் வெறும் பிலிமை எப்படி நீட்டுவது?

வெள்ளி_உப்பு: தினமும் காலையில் வெட்டிப்போட்ட லீடர் (சுருளின் படமில்லாத நுனி) துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே அதில் போட்டுப் பாருங்கள் அண்ணா. கன்னங்கரேலென்று ஆனால் டெவலப்பர் உயிரோடு இருக்கிறது.

பழைய_இருட்டறை: உயிர் இருக்கிறதா என்று மட்டும்தான் லீடர் சொல்லும். வலு கொஞ்சம் குறைந்திருந்தாலும் அது கறுத்துவிடும், நெகட்டிவ்தான் மெலியும். அதைப் பிடிக்க கண்ட்ரோல் ஸ்ட்ரிப் (அளவாக ஒளி பட்ட சோதனைத் துண்டு), டென்சிட்டோமீட்டர் (பிலிமின் கறுப்பு அடர்த்தியை அளக்கும் கருவி) எல்லாம் வேண்டும். அடுத்தவர் ரோலில் பரிசோதனை கூடாது.

வெயில்_ஊர்: வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஏப்ரலில் கரைசலை இருபது டிகிரிக்கு இறக்க ஐஸ் வாங்கி மாளாது. எச்.சி-110 டெவலப்பர் 1+31ல் எச்பி5க்கு 20 டிகிரியிலேயே 5 நிமிடம்தான். சூடு ஏறினால் நேரம் இன்னும் சுருங்கி, சீராகக் கழுவ முடியாமல் படத்தில் வானம் திட்டுத்திட்டாக வரும். டி-76 வகையில் இல்ஃபோர்டு ஐடி-11 இருக்கிறதே, 1+1ல் 13 நிமிடம். 24 டிகிரிக்குப் போனாலும் சுமார் 9 கிடைக்கும். நிதானமாக வேலை செய்யலாம். பவுடர் பாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துக் கலக்காதீர்கள். மொத்தமாகக் கரைத்து, சின்னக் கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள்.

வெள்ளி_உப்பு: எச்பி5ஐ 1600 வேகம் என்று வைத்துத் தள்ளி எடுத்த ரோல் வந்தால்?

பழைய_இருட்டறை: அதற்கு 1+1 வேண்டாம். ஐடி-11 ஸ்டாக்கையே ஊற்று, எச்பி5க்கு 20 டிகிரியில் 14 நிமிடம்.

வெள்ளி_உப்பு: அந்த ரோலுக்கு நான் எக்ஸ்டால்தான் ஊற்றுவேன். ஆனால் இவ்வளவு குறைவான ரோலுக்கு ரீப்ளெனிஷ் வேண்டாம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கோவை_நெகட்டிவ்: சரி, டி-76 1+1, 24 டிகிரி. ரோல் கூடினால் எக்ஸ்டால் டேங்கைப் பற்றி மறுபடி பேசுவோம்.