கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள்?

புதுவீடு_தாம்பரம்:

நண்பர்களே, அவசரமாக ஒரு விவரம் வேண்டும். தாம்பரம் பக்கம் வீடு பார்த்து முடிவாகிவிட்டது. அட்வான்ஸில் இன்னும் 20,000 ரூபாய் பாக்கி, வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கும்போது ரொக்கமாக வேண்டும் என்கிறார் ஹவுஸ் ஓனர். எனக்குச் சம்பளம் 1-ஆம் தேதிதான், அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. கையில் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது, லிமிட் 1 லட்சம், ஆப்பில் கேஷ் லிமிட் 30,000 என்று தனியாகக் காட்டுகிறது. போன மாதம் இதே கார்டில் 28,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினேன், அந்த பில்லுக்குக் கடைசி தேதி 5. இந்த மாதம் அதற்கு மினிமம் மட்டும் கட்டலாம் என்று யோசனை.

ஏடிஎம்மில் 20,000 எடுத்துவிட்டு 1-ஆம் தேதியே 20,000 கட்டிவிட்டால் வட்டி வராதுதானே? பொருள் வாங்கினால் 45, 50 நாள் வட்டியில்லாமல் தருகிறார்களே, அது இதற்கும் உண்டா? தெருமுனை மொபைல் கடைக்காரர் கார்டைத் தேய்த்துக் கையில் காசு தருகிறேன், 2 சதவீதம் போதும் என்கிறார். எது பரவாயில்லை?

கணக்குப்பிள்ளை:

அந்த 45 நாள் பொருள் வாங்கினால்தான். ஏடிஎம்மில் எடுத்தால் பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். சில கார்டுகளில் மட்டும் பில் தேதி வரை வட்டியில்லாமல் தருகிறார்கள், உங்கள் கார்டு அந்த ரகமா என்று ஆப்பில் கட்டண விவரத்தைப் பாருங்கள். இல்லையென்றே வைத்துக்கொண்டு கணக்கு போடுகிறேன்.

முதலில் எடுப்பதற்கே ஒரு கட்டணம். பெரும்பாலான வங்கிகளில் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய். 20,000-க்குச் சரியாக 500 வருகிறது, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் எடுத்த நிமிடமே போய்விட்டது. அடுத்து வட்டி. மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42 சதவீதம், 20,000-க்கு ஒரு நாளைக்கு 23 ரூபாய். 13 நாளுக்குச் சுமார் 300, அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி 54. எல்லாம் சேர்த்துச் சுமார் 945 ரூபாய் வரும். கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், 5,000 எடுத்தாலும் அந்தக் குறைந்தபட்ச 500 உண்டு, நான்கு தடவையாக எடுத்தால் கட்டணமே 2,360.

945 ரூபாயோடு முடிந்தால் அவசரத்துக்குப் பரவாயில்லை என்பேன். ஆனால் உங்கள் விஷயத்தில் அத்தோடு முடியாது, அதைத்தான் கவனமாகப் படியுங்கள். 1-ஆம் தேதி 20,000 கட்டினால் அது ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்குத்தான் போகும் என்று நினைக்கிறீர்கள். பல வங்கிகளின் நிபந்தனைத் தாளில் வரவு வைக்கும் வரிசை வேறு மாதிரி இருக்கிறது: வரி, கட்டணம், வட்டி, அப்புறம் பொருள் வாங்கிய பாக்கி, கடைசியில்தான் ரொக்கமாக எடுத்தது. அதாவது நீங்கள் கட்டும் 20,000 ஃபிரிட்ஜ் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏடிஎம் பணம் அப்படியே நின்று நாளுக்கு 23 ரூபாய் ஏறிக்கொண்டிருக்கும். பில்லையும் முழுதாகக் கட்டவில்லை என்பதால் ஃபிரிட்ஜுக்கும் வாங்கிய தேதியிலிருந்து வட்டி விழும், 28,000-க்கு நாளுக்கு 32 ரூபாய். அதற்கு மேல் அந்தக் கார்டில் பால் பாக்கெட் வாங்கினாலும் வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுப்பதாக இருந்தால் 1-ஆம் தேதி 48,000-மும் கட்டணங்களும் சேர்த்துக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

வேலூர்_வாசகன்:

42 சதவீதமா? கிரெடிட் கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதே, அதைக் காட்டிக் கேட்க முடியாதா?

கணக்குப்பிள்ளை:

அது தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இப்போது அதைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. நமக்குச் சாதகமாக இருப்பது ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த ஒரு விதி: கட்டாமல் நிற்கும் கட்டணம், வரி இவற்றை அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. ஸ்டேட்மெண்டில் அப்படி எதுவும் ஏறியிருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

திருச்சி_மீனா:

தம்பி, அந்த மொபைல் கடை வேண்டவே வேண்டாம். 2 சதவீதம் என்றால் 400 ரூபாய்தான், ஃபிரிட்ஜ் பில்லை முழுதாகக் கட்டினால் வட்டியில்லாக் காலமும் கிடைக்கும், கணக்கில் அது மலிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் போடுவது நீங்கள் வாங்காத பொருளுக்குப் பொய் பில். கார்டு நிபந்தனைக்கே அது விரோதம், ஒரே கடையில் முழுத் தொகையாக இப்படித் தேய்ப்பதை வங்கி கவனித்தால் கார்டை முடக்கிவிடும். கார்டையும் பின் நம்பரையும் அந்த மாதிரி ஆள் முன்னால் நீட்டுவதே எனக்குப் பயமாக இருக்கிறது. ரூபே கார்டை யுபிஐயில் இணைத்து ஓனருக்கு அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள், கடைகளுக்குத்தான் அது போகும், தனி ஆள் கணக்குக்குப் போகாது. வாடகை என்று கார்டில் கட்டும் வசதியையும் 2025 செப்டம்பரில் பல ஆப்கள் நிறுத்திவிட்டன.

வீட்டில் ஒரு மோதிரமோ தோடோ இல்லையா? இன்றைய விலைக்கு அரைப் பவுன் இருந்தாலே 20,000 கிடைத்துவிடும். வங்கியில் நகைக்கடன் மாதத்துக்கு 1 சதவீதத்துக்குள்தான், அதாவது உங்களுக்கு 200 ரூபாய் சுற்றி. மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அடகு வைக்க மனசு வராது, தெரியும், ஆனால் அடுத்த மாதமே மீட்கப்போகிற நகைதானே. தனியார் அடகு நிறுவனத்துக்குப் போனால் வட்டி விகிதத்தை ரசீதில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், சில இடங்களில் வங்கியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். ஃபிக்சட் டெபாசிட் இருந்தால் இன்னும் சுலபம், அதன் மேலேயே கடன் தருவார்கள், டெபாசிட் வட்டியைவிட 1, 2 சதவீதம்தான் கூட.

புதுவீடு_தாம்பரம்:

ரொம்ப நன்றி மீனா அக்கா, கணக்குப்பிள்ளை சார். நான் கட்டும் பணம் முதலில் ஃபிரிட்ஜுக்குப் போகும் என்று யாரும் சொன்னதே இல்லை. அம்மாவிடம் கேட்டேன், மோதிரம் தருகிறார், நாளைக் காலையே வங்கிக்குப் போகிறேன். ஃபிரிட்ஜ் 28,000-ஐ மட்டும் என்ன செய்வது? முழுதாக 5-ஆம் தேதிக்குள் முடியாது.

கணக்குப்பிள்ளை:

நல்ல முடிவு. ஃபிரிட்ஜை மினிமத்தில் விடாதீர்கள், கடைசி தேதிக்கு முன்பே ஆப்பில் இஎம்ஐயாக மாற்ற முடிகிறதா பாருங்கள். வட்டியோடு செயலாக்கக் கட்டணமும் இருக்கும், ஆனால் பொதுவாக 42 சதவீதத்தைவிட நன்றாகக் குறைவு. பொருள் வாங்கிய பாக்கிக்கு இது பெரும்பாலும் கிடைக்கும், ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்குக் கிடைக்காது. மாற்றிய பிறகு 5-ஆம் தேதிக்குள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கிக்கு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், சில வங்கிகளில் முதல் தவணை அடுத்த பில்லில்தான் வரும்.