தீக்காயம் பட்ட பிள்ளைகளை கேம்ப்புக்கு கூட்டிட்டுப் போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

வீட்ல சொன்னா "ஐயோ பாவம்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க, அதான் இங்க எழுதறேன். தங்கச்சி பிரசவத்துக்கு அம்மாவ கூட்டிட்டு கலிஃபோர்னியா போயிருந்தேன். மாப்ள அங்க கம்ப்யூட்டர் வேலை, லீவு நாள்ல சின்ன விமானம் ஓட்டுவாரு. செஸ்னா 182, நாலு சீட்டு, உள்ள உக்காந்தா நம்ம பழைய அம்பாசடரே தேவலைன்னு இருக்கும். ஏஞ்சல் ஃப்ளைட் வெஸ்ட்னு 1983-ல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு, அதுல பேர் குடுத்திருக்காரு. தூரத்து ஆஸ்பத்திரிக்கு போக முடியாத நோயாளிகளை பைலட்டுங்க சொந்தக் காசுல பறந்து கொண்டுபோய் விடுவாங்க, மணிக்கு 50 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், ஒரு பைசா வாங்கக்கூடாது. தீக்காயம் பட்ட குழந்தைகளை, அவங்களுக்குன்னே கோடைல நடக்கற கேம்ப்புக்கும் கொண்டுபோறாங்க. அங்க அலிசா ஆன் ரூச்னு ஒரு எட்டு வயசுப் பொண்ணு, வீட்டுக்குப் பின்னாடி கறி சுடற அடுப்புல தீப்பிடிச்சு இறந்துபோச்சு, அந்தப் பேர்ல 1971-ல இருந்து ஒரு அறக்கட்டளை இருக்கு, அந்த மாதிரி ஆளுங்கதான் கேம்ப் நடத்தறது. இதெல்லாம் தேடினா கிடைக்கும், நான் சொல்ல வந்தது வேற.

உதவிக்கு ஒரு ஆள்னு எனக்கும் பேர் போட்டு கூட்டிட்டுப் போனாரு. அன்னிக்கு கேம்ப்புக்கு கொண்டுபோன பொண்ணுக்கு ஒரு ஒன்பது பத்து வயசு இருக்கும். கழுத்துல இருந்து இடது கன்னம் பூரா வடு, இடது காது பாதிதான். அம்மா கையெழுத்து போட்டுட்டு வேலிக்கு அந்தப்பக்கம் நின்னாங்க. எடை கேட்டாரு, பையோட எடையும் கேட்டாரு, சின்ன விமானத்துல எல்லார்கிட்டயும் கேக்கணும், என்கிட்டயும் கேட்டாரு, நான் நாலு கிலோ கம்மியா சொன்னேன், அது தனிக்கதை. கிளம்பறதுக்கு முன்னாடி மாப்ள ஒரு மந்திரம் மாதிரி சொல்வாரு, பெல்ட் இப்படி மாட்டணும், காத்து வர்ற துளை இது, தீயணைக்கிற சிலிண்டர் இங்க, கதவு இப்படித் திறக்கும். அன்னிக்கு பெல்ட் சொன்னாரு, காத்து சொன்னாரு, நேரா கதவுக்குப் போயிட்டாரு. ஏன் தாண்டினாருன்னு எனக்குப் புரிஞ்சுது. அந்தப் பொண்ணு முழுசா கேட்டு முடிச்சுட்டு, "ஃபயர் எக்ஸ்டிங்விஷர் எங்க?"ன்னா. ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல இருந்ததைக் காட்டினாரு. குனிஞ்சு பாத்தா. "முள்ளு பச்சைல நிக்குது, ஓகே"ன்னு சொல்லிட்டு பெல்ட்ட இறுக்கிட்டா.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல பறந்தோம். மலை தாண்டறப்ப நம்ம வாளையார் கணவாய்க் காத்து மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, அவ சிரிக்கறா, நான் பின்னாடி வாந்திக் கவர தேடறேன். போன்ல 40 போட்டோ எடுத்திருக்கேன், பூராவும் மேகமும் ரெக்கையும். அவ ஒண்ணுல கூட இல்ல. ஏன்னு மாப்ள கேட்டாரு. குழந்தைய அனுமதி இல்லாம எடுக்கக்கூடாதுல்லன்னேன். அது பொய்.

நெம்மாறா டிராவலர்

நம்மகிட்ட ஏரோப்ளேன் இல்லீங்க, டெம்போ டிராவலர்தான். மே மாசம் ஒரு ட்ரஸ்ட்காரங்களுக்கு ரெண்டு வருசம் ஓட்டியிருக்கேன், டீசல் மட்டும் அவங்க, பேட்டா வாங்கறதில்ல. கோயமுத்தூர்ல ஏத்தி, வாளையார் தாண்டி, நெம்மாறா வழியா நெல்லியாம்பதி. ஏப்ரல்ல வெச்சா ஸ்கூல் லீவுக்கு வசதிதான், ஆனா நெம்மாறா வல்லங்கி வேல திருவிழா வெடி எப்படி இருக்கும்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு தெரியும், அதுக்கு பயந்து மே.

போத்துண்டி டேம் ஏர்றதுக்கு முன்னாடி ஒரு சாயக்கடை. பதினோரு பிள்ளைங்க எறங்குது. கடைக்கார சேட்டன் நல்ல மனுஷன்தான், ஆனா வாய அடக்க முடியல, ஒரு பையன் கையப் புடிச்சுட்டு "இது எந்து பற்றியதா மோனே?"ன்னு, என்னாச்சுடான்னு கேட்டுட்டாரு. நான் டீ கிளாஸ கீழ வெச்சேன். பையன் முகத்துல ஒரு அசைவும் இல்ல, "புலி கடிச்சதுங்க"ன்னான். சேட்டன் அரண்டு போய் "ஏது காட்டிலா?"ங்கறாரு. பக்கத்துல பழம்பொரி தின்னுட்டிருந்த சின்னப்புள்ள வாய்ல இருக்கறத முழுங்காமயே "பறம்பிக்குளம்"னுச்சு. அப்புறம் பாத்தா ஒவ்வொண்ணும் ஒண்ணொண்ணு சொல்லுது, ஒருத்தன முதலை, ஒருத்திய இடி. சேட்டன் பதினோரு பழம்பொரிக்கும் காசு வாங்கல. வண்டில ஏறினதும் கேட்டேன், டேய் பொய்தானேடா. "அண்ணா, நிஜத்த சொன்னா அழுவாங்க, அப்புறம் நாங்க அவங்கள சமாதானப்படுத்தணும்"னான். ஹேர்பின் வளைவு பூரா அதே ஓடிட்டிருந்துச்சு மண்டைல. வண்டிய ரெண்டாவது கியர்லயே உருட்டினேன்.

உள்ளதைச் சொல்வோம்

எல்லாரும் நல்லா எழுதறீங்க, ஆனா ஒரு கேள்வி. மணிக்கு 50 லிட்டர் பெட்ரோல எரிச்சு ஒரு குழந்தையை பிக்னிக் கூட்டிட்டுப் போறது சேவையா, இல்ல விமானம் ஓட்ட ஆசைப்பட்டவனுக்கு ஒரு சாக்கா? எங்க அத்தை பையன் மேல கல்யாண மண்டபத்துல சாம்பார் அண்டா சாஞ்சுது, மூணு வயசுல. இப்ப பதிமூணு. நாலு ஆபரேஷன். மாடு ரெண்டும் போச்சு, தோட்டத்துல ஒரு பாதி போச்சு. அந்த 50 லிட்டர் காசு இருந்தா, வடு தடிக்காம இறுக்கிப் புடிக்கிற பிரஷர் துணி ரெண்டு செட் வாங்கியிருப்போம். கேம்ப் போனா தோல் வளருமா?

நெம்மாறா டிராவலர்

உங்க அத்தை பையன் கேம்ப் போயிருக்கானாங்க? சும்மா கேக்கறேன்.

உள்ளதைச் சொல்வோம்

இல்ல. யாரும் கூப்பிடல. அவன் வீட்ட விட்டே வர்றதில்ல.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

மாப்ளைக்கு ஓட்ட ஆசைதான், அவரே ஒத்துக்குவாரு, எப்படியும் வாராவாரம் சும்மா ஒரு ரவுண்டு பறக்கற மனுஷன் அதையே ஒரு குழந்தைய வச்சுப் பறக்கறாருன்னா எனக்கு அதுல குத்தம் தெரியல. கார்ல போனா நாலு மணி நேரம். அங்க ஜூலை வெயில் நம்ம பாலக்காட்டு மார்ச்சுக்கு சளைச்சதில்ல. ஆழமா வெந்து ஒட்டுப்போட்ட தோல்ல வேர்க்காதாம், சூடு வெளிய போக வழி இல்ல. எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

ரிடையர்டு சிஸ்டர்

கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் இருக்கேன். தீக்காய வார்டுல பத்தொன்பது வருஷம். வேர்க்காதுன்னு தம்பி சொன்னது சரி. என் கதை சின்னது. கழுத்துல பட்டவங்களுக்கு தலையணை குடுக்க மாட்டோம், தலை பின்னாடி சாஞ்சே இருக்கணும், இல்லன்னா தாடை நெஞ்சோட ஒட்டிப் புடிச்சுக்கும். ஒரு பையன் மாசக்கணக்கா ராத்திரி "சிஸ்டர் தலாணி"ன்னு அழுவான், நான் குடுக்கல. பல வருஷம் கழிச்சு பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல ஒரு வாலிபன் வந்து நின்னு, "இப்பவும் தலாணி இல்லாமத்தான் தூங்கறேன் சிஸ்டர்"னு சொல்லிட்டு ஓடிப்போய் பஸ் ஏறிட்டான். நன்றி சொன்னானா திட்டினானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

அது இருக்கட்டும், இதைப் படிக்கிற தாய்மார்களுக்கு சில விஷயம் சொல்லிடறேன். சுட்டதும் குழாய்த் தண்ணி, 20 நிமிஷம், ஓடற தண்ணி. ஐஸ் கூடாது. இங்க், டூத்பேஸ்ட், மைதா, முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம், நீங்க தடவினத நாங்க சுரண்டி எடுக்கும்போது அந்தப் பிள்ளை படற பாடு உங்களுக்குத் தெரியாது. வளையல், மோதிரம், அரைஞாண் கயிறு உடனே கழட்டுங்க, வீங்கினா கழட்ட முடியாது. சுத்தமான துணிய மேல போட்டு மூடி கொண்டு வாங்க. சமையல்கட்டுல கைப்பிடிய உள்பக்கம் திருப்பி வைங்க. புண்ணு ஆறின அப்புறம்தான் நிஜ வேலை. பிரஷர் துணி 23 மணி நேரம் போடணும், குளிக்க மட்டும் கழட்டணும், ஒரு வருஷம், சில பேருக்கு ரெண்டு வருஷம். "வேனல்ல போட முடியல சிஸ்டர்"னு எடுத்து பெட்டில வெச்சுடுவாங்க, ரெண்டே மாசத்துல வடு கயிறு மாதிரி தடிச்சு நிக்கும். வலிக்குதேன்னு முழங்கைய மடக்கியே வெச்சா மடங்கின மேனிக்கே நின்னுடும், தீக்காயத்துல எந்த வாக்குல வெச்சா சுகமோ அந்த வாக்குலதான் ஒட்டிக்கும். அரிப்புக்கு சொறியக் கூடாது, தட்டணும். வெயில்ல வடு கறுத்துப் போகும், முழுக்கை சட்டை போடுங்க. அப்புறம் தோல் தானம். கண்ணு மாதிரிதான், இறந்து 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், தொடை, முதுகுல இருந்து மெல்லிசா ஒரு அடுக்கு, உடம்பு உருக்குலையாது, கிளிசரால்ல போட்டு 5 வருஷம் வரைக்கும் வெப்பாங்க. வீட்ல பேசி வைங்க. தண்ணி நிறைய குடிக்க வைங்க. முட்டை, பருப்பு தினமும்.

உள்ளதைச் சொல்வோம்

சிஸ்டர், யாரும் கேக்கலையே. ஆனா அந்த துணி மேட்டர் நிஜம். எங்க பையன் அதைத்தான் பண்ணினான்.

ரிடையர்டு சிஸ்டர்

பதிமூணு வயசுதானே. இன்னும் வளர்ற வயசு, வடு கூட வளராது, இழுக்கும். பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட திரும்பக் காட்டுங்க. இதையும் யாரும் கேக்கல, தெரியும்.

புளியரை பக்கம்

அண்ணாச்சிமாரே, நான் ப்ளேனும் ஓட்டல வேனும் ஓட்டல, ரயில்ல கூட்டிட்டுப் போனவன். கொல்லத்துல ஒரு கேம்ப், நம்ம பக்கத்துல இருந்து ஒரே ஒரு பிள்ளை, பன்னெண்டு வயசு, மண்ணெண்ணெய் அடுப்பு. தகப்பனுக்கு லீவு கிடைக்கல, தாய்க்கு வேறொரு கைக்குழந்தை, நீங்க கொண்டுபோய் விட்டுருங்க மாமான்னாவ. செங்கோட்டைல மதிய வண்டி ஏறினோம். 2018-ல பிராட்கேஜ் பெரிய லைன் ஆன பொறவு கூட்டம் ஜாஸ்தி. பிள்ளை துப்பட்டாவ தலையோட சுத்தி கண்ணு மட்டும் தெரிய உக்காந்திருக்கு, ஜன்னல் சீட்டு. நான் முறுக்கு குடுத்தேன், துப்பட்டாக்குள்ள கொண்டுபோய் திங்குது.

பகவதிபுரம் தாண்டினா குகை வரும்லா. பெட்டில பகல்னு லைட் போடல. கும்மிருட்டு, பயலுவ எல்லாம் ஓன்னு கத்துதானுவ. எனக்கு எதுக்க எதோ அசையுது. குகை முடியப் போற சமயம், லேசா வெளிச்சம் வருது பாத்துக்கிடுங்க, அப்ப பாக்கேன், பிள்ளை துப்பட்டாவ தோளுக்கு எறக்கிவிட்டுட்டு முகத்த ஜன்னல் கம்பியில வச்சிருக்கு. காத்து வாங்குது. வெளிச்சம் முழுசா வாரதுக்குள்ள வெடுக்குனு சுத்திக்கிட்டு. அடுத்த குகை வந்திச்சு, அதே மாதிரி. நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்டேன். அதுக்குப் பொறவு பதிமூணு கண் பாலம் வந்திச்சு, ஊரே எட்டிப் பாக்குது, அது பாக்கல, எப்ப இருட்டு வரும்னுதான் முன்னால பாத்துக்கிட்டே இருந்திச்சு.

உள்ளதைச் சொல்வோம்

அந்த நெல்லியாம்பதி கேம்ப்புக்கு பதிமூணு வயசுப் பசங்கள சேப்பாங்களா?

நெம்மாறா டிராவலர்

சேப்பாங்க. எதுக்க ஒரு சீட்டு காலிதான் இருக்கும் எப்பவும். வரமாட்டேன்னு சொன்னா கட்டாயப்படுத்தாதீங்க, வண்டி கோயமுத்தூர்ல நிக்கறப்ப சும்மா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

புளியரை அண்ணா, கேம்ப் முடிஞ்சு திரும்பி வர்றப்பவும் நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா? அப்ப எப்படி இருந்தா?

புளியரை பக்கம்

நான்தான் கூட்டிட்டு வந்தேன். கைநெறைய பாசிமணி, பெயிண்டு, ஒரே பேச்சு கொல்லம் ஸ்டேஷன் வரைக்கும். ஆனா நீங்க கேக்கது எனக்குத் தெரியலவே. பாலருவி எக்ஸ்பிரஸ்ல வந்தோம், நடுராத்திரி வண்டி. வெளியவும் இருட்டு, குகைக்குள்ளயும் இருட்டு.