தோக்கப் போறார்னு தெரிஞ்சும் அவருக்கே 1 போடுறது என்ன கணக்கு? (மாமியாரும் இலங்கைத் தேர்தலும்)

மர்பிடவுன் மாப்பிள்ளை:

பொறந்து வளர்ந்ததெல்லாம் நான் பெங்களூருதான். வீட்டுக்காரிக்கு யாழ்ப்பாணம், கொக்குவில். மாமியார் ஆகஸ்ட்ல இங்க வந்து வலது கண்ணுல புரை எடுத்துக்கிட்டாங்க. குனியக்கூடாது, தலைக்கு ஊத்தக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, கொஞ்ச நாள் இங்கயே இருங்கன்னார் டாக்டர். எல்லாத்துக்கும் "ஓம், ஓம்"னு தலையாட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "இருபத்தோராம் திகதிக்கு முதல் ஊருக்குப் போயிடலாம்தானே?"

டாக்டருக்கு ஒண்ணும் புரியல. எனக்கும்தான். அப்புறம் வீட்டுக்காரி சொன்னா, 2024 செப்டம்பர் 21 அங்க ஜனாதிபதித் தேர்தல்னு. வெளிநாட்டுல இருந்துக்கிட்டு ஓட்டுப் போட வழியே கிடையாதாம். சரின்னு ரயில்ல சென்னை வரைக்கும் நானே கூட்டிட்டுப் போய், 1ஆம் தேதிதான் விட ஆரம்பிச்ச பலாலி (யாழ்ப்பாண ஏர்போர்ட்) இண்டிகோவுல ஏத்தி விட்டேன்.

ஜோலார்பேட்டையில காபி குடிக்கும்போது கேட்டேன், யாருக்குப் போடப் போறீங்கன்னு. "சங்குக்கு." யாரு அது? பா. அரியநேத்திரன், மட்டக்களப்பு முன்னாள் எம்.பி., தமிழ்ப் பொது வேட்பாளர். ஜெயிச்சுடுவாரா அத்தைன்னு கேட்டேன். சிரிப்பு தாங்கல அவங்களுக்கு. "சீச்சீ, அவர் எங்க வெல்லுறது!" அப்புறம் கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டு, பேப்பர் ஓரத்துல சங்கு மாதிரி ஒண்ணு வரைஞ்சு பக்கத்துல 1, டெலிபோன் மாதிரி ஒண்ணு வரைஞ்சு 2. டெலிபோன் சஜித் பிரேமதாசவோட சின்னம். அங்க ஓட்டுச்சீட்டுல முதல் விருப்பத்துக்கு 1, அடுத்த விருப்பத்துக்கு 2ன்னு நம்பர் எழுதலாமாம்.

ரெண்டு பேருமே ஜெயிக்கல. திசைகாட்டி அநுர குமார திசாநாயக்க ஜெயிச்சாச்சு. கூத்து என்னன்னா, அதே வீட்ல மாமனார் போட்டது திசைகாட்டிக்கு. ரெண்டு பேருக்கும் நாலு நாளா பேச்சில்ல, சோறு மட்டும் மேசைக்கு வருதாம்.

அரசியல் சண்டை வேணாம். ஆறாத கண்ணோட, இவ்வளவு செலவு பண்ணிப் போய், தோக்கிறவருக்கு 1 போடணுமா? அதான் என் கேள்வி.

நல்லூரடி:

அண்ணா, உங்கட மாமி செய்தது எனக்கு நல்லா விளங்குது. நான் எலக்ட்ரானிக் சிட்டியில வேலை, லீவு கிடைக்கேல்லை, என்ர வாக்கு வீணாப் போச்சு. அவவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

2005 இல எங்கட அம்மா ஆக்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போகேல்லை. புறக்கணிக்கச் சொல்லி புலிகளின்ர அறிவிப்பு. மகிந்தவுக்கும் ரணிலுக்கும் இடையில வித்தியாசம் ஒரு லட்சத்து எண்பதினாயிரம் வாக்குத்தான். பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. 2010 இல போட்டது ஆருக்கு தெரியுமோ? சரத் பொன்சேகாவுக்கு! எங்கட சனத்துக்கு மேல போர் நடத்தின தளபதிக்கு. ஏன்? மகிந்த வரக்கூடாது எண்டு. 2015 இல மைத்திரிக்கு, அதுவும் மகிந்த வரக்கூடாது எண்டு. 2019 இல சஜித்துக்கு, கோத்தா வரக்கூடாது எண்டு. அம்மா சொல்லுவா, "ஒவ்வொருமுறையும் ஊரான் வீட்டுக் கலியாணத்துக்குப் போய் நாங்கள் பந்தல் போட்டுக் குடுத்திட்டு வாறம்."

இந்தமுறைதான் அம்மா ஒரு ஆளுக்காகப் போட்டவா, ஒரு ஆளை மறிக்கவெண்டு இல்லாமல். வெல்ல மாட்டார் எண்டு அவவுக்கும் தெரியும். சங்குக்கு எத்தினை விழுந்தது எண்டு கொழும்பு எண்ணிப் பாக்கவேணும், அவ்வளவுதான். 2,26,343 விழுந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில சஜித்துக்குக் கொஞ்சம்தான் பின்னால.

ஆனா உங்கட மாமியின்ர அந்த 2 ஐயும் விட்டிடாதேங்கோ, அது சும்மா போட்டதில்லை. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கச் சொன்னது. அரியநேத்திரனும் அதே தமிழரசுதான். வீட்டுச் சின்னக் கட்சி, வீட்டுக்குள்ளயே ரெண்டு அடுப்பு. மாமி ரெண்டு அடுப்பிலயும் உலை வைச்சிட்டு வந்திருக்கிறா.

சுள்ளியா ரப்பர்:

வடக்கு கதை மட்டும் பேசினா எப்படி? எங்க தாத்தா 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல அட்டன் பக்கம் தோட்டத்துல இருந்து கப்பலேறி வந்தவர். கர்நாடகா அரசு சுள்ளியாவுல ரப்பர் தோட்டம் போட்டுக் குடுத்து உக்கார வச்சது. நான் பெங்களூருல வண்டி ஓட்டுறேன். பெரியத்தை இன்னும் அங்கதான், லயத்துல (தோட்டத் தொழிலாளருக்குக் கட்டின வரிசை வீடு).

அவங்க டெலிபோனுக்கு 1 போட்டுட்டு வந்துட்டாங்க, வேற நம்பரே எழுதல. ஏன்னு கேட்டா ஒரே வார்த்தை: 1,700. மே தினத்துக்கு ரணில் நாள் சம்பளம் 1,700 ரூபான்னு அறிவிச்சார். கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கடைசியில அடிப்படைச் சம்பளம் 1,350ல நின்னுச்சு. தொண்டமான் கட்சி ரணில் பக்கம், மனோ கணேசன் ஆளுங்க சஜித் பக்கம். பெரியத்தை ரெண்டு மேடையையும் கேட்கல. கொழுந்து நிறுக்கிற இடத்துல பொம்பளைங்க பேசிக்கிட்டதுதான் அவங்களுக்கு மேடை. தராசுல ரெண்டு கிலோ கழிச்சா அன்னைக்கு முழுக்க அரசியல்தான். நுவரெலியா மாவட்டத்துல சஜித் முதல்ல வந்தது இப்படித்தான்னு நான் நெனைக்கிறேன்.

சங்கு பத்திக் கேட்டேன். "எங்க லயத்துக்கு யாரும் வந்து ஊதலையேப்பா"ன்னாங்க. தமிழ்ப் பொது வேட்பாளர்னு சொல்றீங்க, அந்தப் பொதுவுல எங்க ஆளுங்க இருக்காங்களா?

பொடியன்87:

உங்கட மாமாவின்ர கட்சி நான். 2022 இல மண்ணெண்ணெய்க்கு அப்பாவும் நானும் மாறி மாறி வரிசையில நிண்டம். செருப்பை வரிசையில வைச்சிட்டு மதில் நிழல்ல இருப்பம், செருப்பு நகரும், நாங்கள் நகரமாட்டம். அண்டைக்குத்தான் நினைச்சன், பழைய ஆக்கள் ஒருத்தருக்கும் இனிப் போடுறேல்லை எண்டு.

நல்லூரடி அக்கா வந்து கேட்க முன்னம் நானே சொல்லுறன். வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி 2006 இல கோர்ட்டுக்குப் போனது அநுரவின்ர கட்சி ஜேவிபிதான். மறக்கேல்லை. மறக்காமத்தான் அப்பாவிட்டயும் சொல்லிப் போடுவிச்சனான். அவர் இண்டைக்கும் முறாய்ச்சுக்கொண்டு திரியிறார், அது வேற.

வயலட் பேனா:

விதான சௌதாவுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம்ம ஊர் ஜனாதிபதித் தேர்தல்லயும் இதே 1, 2தான் மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியாதா? என்ன, நீங்களும் நானும் போட முடியாது. எம்.பி., எம்.எல்.ஏ.தான் போடணும். கர்நாடகா எம்.எல்.ஏ. ஒருத்தர் ஓட்டுக்கு மதிப்பு 131, தமிழ்நாட்டுல 176. அது ஒரு தனி வயித்தெரிச்சல்.

1969ல பெங்களூரு காங்கிரஸ் கூட்டத்துலதான் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளர்னு முடிவு பண்ணாங்க. எதிர்ல வி.வி. கிரி. முதல் எண்ணிக்கையில யாருக்கும் பாதி கிடைக்கல. இரண்டாவது விருப்பத்தை எண்ணித்தான் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427ன்னு முடிஞ்சது. அதனால அந்த 2ஐ இளக்காரமா நெனைக்காதீங்க.

மர்பிடவுன் மாப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. சுள்ளியா அண்ணன் கேட்ட கேள்விக்கு எங்க வீட்ல யார்கிட்டயும் பதில் இல்ல.

நேத்து ராத்திரி போன் போட்டேன். போடுறதுக்கு முன்னாடி கணக்கு பார்த்து வச்சுக்கிட்டேன். அநுரவுக்கு முதல்ல விழுந்தது 56,34,915, அதாவது 42 சதவீதம் சொச்சம். பாதியைத் தாண்டாததால, அந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தல்ல முதல் தடவையா இரண்டாவது எண்ணிக்கை. முதல் ரெண்டு பேரைத் தவிர மத்தவங்களுக்கு விழுந்த சீட்டு 33 லட்சம் இருக்கும். அதுல 2, 3 எழுதி இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் போய்ச் சேர்ந்தது மூணு லட்சம் கூட இல்ல. சஜித்துக்கு அப்படி வந்தது 1,67,867.

"அத்தை, அதுல ஒண்ணு உங்களோடது"ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப மற்ற ஆக்கள் எல்லாம் என்ன செய்தவை?" நிறைய பேர் ஒரே ஒரு பேருக்கு மட்டும் குறி போட்டுட்டு வந்துட்டாங்கன்னேன். "ஒண்டரை முழத்துக்கு வாக்குச்சீட்டைத் தந்தவங்கள், கிட்டத்தட்ட நாப்பது பேரின்ர பேர் இருந்தது. நான் ஒற்றைக் கண்ணோட சங்கைத் தேடிப் பிடிச்சு 1 போட்டு, பிறகு டெலிபோனையும் தேடிப் பிடிச்சு 2 போட்டனான். ரெண்டு கண்ணும் உள்ளவைக்கு அதுக்கும் பஞ்சியாக்கும்!" உடனே பின்னாடி இருந்து மாமனார் குரல்: "வெண்டது ஆரெண்டு அவவிட்டக் கேளுங்கோ தம்பி!" நாலு நாளைக்கப்புறம் அவர் அவங்களைப் பத்திப் பேசின முதல் பேச்சு அதுதானாம், வீட்டுக்காரி சொல்றா.

தேர்தல் அன்னைக்கு அவங்க அனுப்பின போட்டோவை இன்னைக்குத்தான் பெருசாக்கிப் பார்த்தேன். இடது கை சுண்டுவிரல்ல மை. அன்னைக்கு அதைப் பார்த்துட்டு விரல்ல அடியான்னு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான். நமக்கு மைன்னா ஆட்காட்டி விரல்தானே.

இன்னொரு விஷயம். இங்க எழுதிக் குடுத்த கண் சொட்டு மருந்து வெள்ளிக்கிழமையோட தீருது. நல்லூரடி, பொடியன், உங்க வீட்டு ஆளுங்க யாராவது யாழ்ப்பாணம் டவுன் மருந்துக்கடையில விசாரிச்சுச் சொல்வாங்களா? மருந்துச் சீட்டைத் தனிச் செய்தியில அனுப்புறேன்.