பிரசில் தீவு: கடல் கொண்ட நிலமா, வரைபடத்தில் மட்டும் இருந்த நிலமா?

கடலாடி:

அயர்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில், பிரசில் என்ற பெயருடன் வட்டமான ஒரு தீவை ஐரோப்பிய வரைபடங்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காட்டிவந்தன. 1325ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் ஆஞ்சலினோ தலோர்ட்டோவின் கடல் வரைபடத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தீவு தேய்ந்து ‘பிரசில் பாறை’ என்ற வெறும் புள்ளியாகி, பிறகு அதுவும் நீக்கப்பட்டது. இதற்கிடையே 1862இல் போர்க்குபைன் என்ற பிரித்தானியக் கப்பல், அயர்லாந்துக் கரையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மேற்கே கடலடியில் ஒரு பெரிய மேடு இருப்பதைக் கண்டறிந்தது. எட்டே ஆண்டுகளில், அந்த மேடுதான் பழைய பிரசில் என்று அயர்லாந்தின் நிலவியல் கழகத்தில் ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. தீவு வரையப்பட்ட திசையில் கடலுக்கடியில் ஒரு மேடும் இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அந்தக் கட்டுரையாளர் சொன்னது சரி என்றே நான் கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்துடன் மறுக்கலாம்.

ஈயக்குண்டு:

காரணம் ஆழத்தில் இருக்கிறது. போர்க்குபைன் மேட்டின் மிக உயர்ந்த பகுதிகூடக் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 150 மீட்டரில்தான் இருக்கிறது. பெரும்பகுதி 200 மீட்டரும் அதற்கு மேலும். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, அதாவது 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட 120 முதல் 130 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. கடல் அத்தனை வற்றியபோதும் நீருக்குள் இருந்த ஒரு மேடு, கடல் ஏறி இன்றைய நிலைக்கு வந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பின்பு, 1325இல் மட்டும் எப்படித் தலைதூக்கியிருக்க முடியும்?

கடலாடி:

ஈயக்குண்டு அவர்களே, நிலம் அசையாமல் இருந்தது என்றும் நீர் மட்டுமே ஏறி இறங்கியது என்றும் வைத்துக்கொண்டு நீங்கள் கழித்தல் கணக்குப் போடுகிறீர்கள். அயர்லாந்தின் மீது பனிப்பாளம் அழுத்தியபோது அதன் அடியில் இருந்த நிலம் தாழ்ந்தது. பாளத்தின் விளிம்புக்கு வெளியே நிலம் சற்றுப் புடைத்து உயர்ந்தது. பனி உருகியபின் அந்தப் புடைப்பு அடங்கியது. அதையும் கூட்டினால், மேட்டின் முகடாவது வெளியே தெரிந்திருக்க வாய்ப்பில்லையா?

மூழ்கிய நிலம் என்றாலே கற்பனை என்று ஒதுக்குபவர்களுக்கு வடகடல் போதுமான பதில். 1931இல் கொலிண்டா என்ற மீன்பிடி இழுவைப் படகின் வலையில், லெமன், ஓவர் என்ற கடல் திட்டுகளுக்கு அருகே, மட்கிய தாவரப் படிவு ஒரு கட்டியாக ஏறிவந்தது. அதை உடைத்துப் பார்த்தபோது உள்ளே மான் கொம்பில் பல் பல்லாகச் செதுக்கிய ஓர் ஈட்டிமுனை இருந்தது. பிரித்தானியாவையும் ஐரோப்பாவையும் இணைத்துக் கிடந்து, மனிதர் வேட்டையாடிய அந்த நிலப்பரப்பை இன்று டாகர்லாந்து என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் யாராவது அதைச் சொல்லியிருந்தால் உங்களைப் போன்றவர்கள் சிரித்திருப்பீர்கள்.

ஈயக்குண்டு:

சிரித்திருக்க மாட்டேன். டாகர் மேட்டின் ஆழம் குறைந்த பகுதி ஏறத்தாழ 15 மீட்டரில் இருக்கிறது. உங்கள் மேடு அதைப் போலப் பத்து மடங்கு ஆழத்தில் கிடக்கிறது. புடைப்பு உண்மைதான். ஆனால் அயர்லாந்தின் பனிப்பாளம் கரையோடு நின்றுவிடவில்லை, மேற்கே கண்டத்திட்டின் மீதும், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின் மீதும், நெடுந்தூரம் பரவியிருந்தது. ஆகவே, நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் புடைப்புக்குப் பதிலாக அழுத்தமே இருந்திருக்கக்கூடும். அதையும் விட்டுக்கொடுத்து, முகடு வெளியே தெரிந்தது என்றே ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறேன். அது நடந்தது பனியுக உச்சத்தில். அந்த நினைவு பதினெட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாய்வழியாக வந்து, அயர்லாந்துக்காரர் எவருடைய கைக்கும் போகாமல், மத்தியதரைக் கடலில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த ஒருவருடைய கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? இன்னொன்றும் கவனியுங்கள். டாகர்லாந்துக்கு ஈட்டிமுனையும் மட்கிய படிவும் கடலடியிலிருந்தே சாட்சியாகக் கிடைத்தன. அதைக் காட்டும் பழைய வரைபடம் ஒன்றுகூட இல்லை. பிரசிலுக்கு வரைபடங்கள் குவிந்து கிடக்கின்றன. கடலடிச் சாட்சிதான் இல்லை.

ஏட்டுப்பூச்சி:

வரைபடங்கள் குவிந்து கிடப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். ஒருவர் வரைந்ததை அடுத்தவர் பார்த்து எழுதும் தொழில் அது. ஆகையால் ஐம்பது வரைபடங்களில் ஒரு தீவு இருந்தாலும் ஐம்பது பேர் பார்த்ததாகப் பொருள் இல்லை. அதோடு, பிரசில் ஓரிடத்தில் நின்றதும் இல்லை. ஏறத்தாழ 1480ஐச் சேர்ந்த ஒரு காத்தலான் வரைபடத்தில் பிரசில் என்ற பெயரிலேயே இரண்டு தீவுகள் இருக்கின்றன. அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகளின் பக்கத்திலும் அப்பெயர் வழங்கியது; அங்கே டெர்சேரா தீவில் மொன்டெ பிரசில் என்ற மலை இன்றும் இருக்கிறது. இத்தனை இடங்களில் திரிந்த தீவுகளில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து, அதன் அருகில் ஒரு கடலடி மேட்டைக் கண்டுபிடித்து, ‘பொருந்துகிறது பாருங்கள்’ என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தீவைக் காணோம் என்றதும் ‘மூழ்கிவிட்டது’ என்று எழுதும் வழக்கமும் பழையது. 1578இல் ஆங்கிலேய மாலுமி மார்ட்டின் ஃப்ரோபிஷரின் மூன்றாம் பயணத்திலிருந்து திரும்பிய இம்மானுவேல் என்ற கப்பல், அயர்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே ஒரு பெரிய தீவைக் கண்டதாகச் சொன்னது. அது ‘பஸ்’ (buss) எனப்படும் மீன்பிடிக் கப்பல் வகையைச் சேர்ந்தது என்பதால் பஸ் தீவு என்று பெயர் ஏற்பட்டது. 1671இல் தாமஸ் ஷெப்பர்டு என்ற மாலுமி அதை நேரில் சுற்றிப் பார்த்ததாக விவரம் கொடுத்தார். அதை நம்பி 1675இல் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனம் மன்னரிடம் அத்தீவுக்கு உரிமைப் பட்டயமே வாங்கிவிட்டது! பிறகு போனவர்களுக்குத் தீவு அகப்படவில்லை. உடனே வரைபடங்களில் ‘மூழ்கிய பஸ் நிலம்’ என்று பெயர் மாறியது. 1818இல் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜான் ராஸ் அந்த இடத்தில் ஆழம் அளக்கும் ஈயக்குண்டை இறக்கிப் பார்த்தபோது 180 பாகத்திலும், அதாவது 330 மீட்டருக்கு அருகிலும், தரை தட்டவில்லை. பஸ் தீவு மூழ்கியதைக் கண்டவர் எவரும் இல்லை. தேடியவர்களுக்குக் கிடைக்காமல் போனதையே மூழ்கியதாக எழுதிவைத்தார்கள். கடல்கோள் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்த மயக்கம் இன்னும் எளிதில் வரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடலாடி:

பஸ் தீவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உண்மையிலேயே தோன்றி மறைந்த தீவுகளும் உண்டு. 1831இல் சிசிலிக்குத் தெற்கே எரிமலைக் குமுறலில் ஒரு தீவு எழுந்தது. பிரித்தானியரும் தென் இத்தாலியை ஆண்ட இரு சிசிலிகளின் அரசும் பிரெஞ்சுக்காரரும் அதற்கு உரிமை கோரிச் சச்சரவிட்டுக்கொண்டிருந்தபோதே, சில மாதங்களில் அலை அதை அரித்துக் கரைத்துவிட்டது. அப்படியிருக்க, இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுக வணிகர்கள் பிரசிலை ஏன் தேடிப் போனார்கள் என்று கேட்கிறேன். 1480இல் ஒரு கப்பல் போனது; 1481இல் டிரினிட்டி, ஜார்ஜ் என்ற இரண்டு கப்பல்கள் போயின. 1498இல் லண்டனில் இருந்த ஸ்பெயின் தூதர் பெத்ரோ தெ அயாலா, பிரிஸ்டல்காரர்கள் ஏழு ஆண்டுகளாக ஆண்டுதோறும் பிரசிலைத் தேடி இரண்டு முதல் நான்கு கப்பல்கள் வரை அனுப்பிவருவதாகத் தம் அரசருக்கு எழுதினார். கதையை நம்பி வணிகன் காசைக் கடலில் கொட்டுவானா?

ஏட்டுப்பூச்சி:

வணிகன் கதையை நம்பிக் காசை இழந்ததற்கு மேலே சொன்ன ஹட்சன் விரிகுடாக் கம்பெனியே சான்று. டிரினிட்டி, ஜார்ஜ் கப்பல்களைப் பற்றி நடந்த விசாரணையில், அவற்றில் நாற்பது புஷல் (ஒரு முகத்தல் அளவு) உப்பு ஏற்றப்பட்டிருந்தது என்று பதிவாகியிருக்கிறது. விற்பதற்கு ஏற்றிய உப்பு அல்ல என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அத்தனை உப்பு மீனைப் பதப்படுத்தத்தான் என்று ஆய்வாளர் பலர் எண்ணுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அவர்கள் புது மீன்பிடித் தளம் தேடினார்கள். அதற்குப் பிரசில் என்ற பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஈயக்குண்டு:

சிசிலித் தீவு எரிமலைச் சாம்பலும் கசடும் குவிந்து உண்டானது, அதனால் கரைந்தது. போர்க்குபைன் மேடு கண்டப் பாறையால் ஆனது. அதற்கு எரிமலைக் கணக்கு உதவாது.

கடலாடி:

மேட்டைக் கைவிடுகிறேன், ஆழக் கணக்கு என் பக்கம் இல்லை. ஆனால் பார்த்தவர்களை என்ன செய்வது? தாமஸ் வெஸ்ட்ராப் என்ற அயர்லாந்துத் தொல்லியலாளர், 1872இல் ஒரு மாலையில் சூரியன் மறையும் நேரத்தில், தொலைவில் ஒரு கருந்தீவு எழுந்ததைத் தாமே கண்டதாக எழுதியிருக்கிறார். இரண்டு குன்றுகள், அவற்றுள் ஒன்றில் காடு, இடையே சமவெளியிலிருந்து கோபுரங்களும் புகைச்சுருள்களும். உடன் இருந்த தாயும் சகோதரரும்கூடக் கண்டார்களாம். அவர் கதை கட்டுபவர் அல்லர்.

ஈயக்குண்டு:

அவர் கண்டதை நான் மறுக்கவே இல்லை. குளிர்ந்த கடல்நீரின் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான காற்றும் படியும்போது, ஒளி வளைந்து, அடிவானத்தில் இருக்கும் ஒரு மேகக்கரையோ தொலைவில் உள்ள கடலலையோ சுவராகவும் கோபுரமாகவும் நீண்டு தெரியும். மூவர் கண்டதும் வியப்பில்லை. கண் மயங்கிய ஒருவருக்கு மட்டும் தெரிவதல்ல, ஒளியின் வளைவால் உண்டாகும் கானல் தோற்றம் அதே இடத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரர்கள் ஏழாண்டுகளுக்கு ஒருமுறை பிரசில் வெளிப்படும் என்று சொல்லிவந்ததற்கு இதுவே போதுமான விளக்கம்.

கடலாடி:

அப்படியானால் முதன்முதலாக அதை வரைந்தவர் கரையில் நின்ற ஒருவரின் கண்ணைத்தான் வரைந்திருக்கிறார் என்கிறீர்கள். தலோர்ட்டோவுக்கு அந்தச் செய்தி எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகம் வழியாக வந்தது என்பதை ஏட்டுப்பூச்சி அவர்கள் சொல்லும்வரை, இந்த விவாதத் திரியை நான் மூடப்போவதில்லை.